சாவடி வரைக்கும் ஒரு மோட்டார் சைக்கிள்

ராசு,

உன்னைப் பெத்தவள் முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பல் ஒன்று ஆடுகிறது, ஆடினால் ஆடட்டும், மீதியிருக்கிற பல் உன்னைத் திட்டப் போதும். வண்டியை விற்றுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற பக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். சோற்றில் குழம்பு ஊற்றுகிறதற்குள் பாயசம் எங்கே என்று கேட்டவன்தானே நீ.

உன் கடிதத்தில் மூன்று சமாசாரம் இருந்தது. ஒன்று, அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு என்ன செய்கிறாய், விற்றுவிடு என்று. இரண்டு, நீ அங்கே பிரான்சில், மர்சேயில், பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று, உன் பாஷையில் மொத்தோ, வாங்கப்போகிறாய் என்று. அதோடு கூட ஒரு வரி, ‘நம் தெருவில் எந்தப் பொம்பளையும் செய்யாத காரியம், நீ எப்படியம்மா துணிந்து எனக்கு அந்த வண்டியை வாங்கினாய்’ என்று. மூன்றாவது, இப்போது ஊரெல்லாம் பேச்சாகக் கிடக்கிற அந்தக் காகிதம். பிரெஞ்சுக் குடியாகவே இருக்கிறேன் என்கிறவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், சும்மா இருந்தால் இந்தியக் குடி, அதற்குக் கெடு வைத்திருக்கிறார்கள். ‘போட்டுவிட்டுக் கிளம்பி வந்து என்னோடு இரு’ என்று எழுதியிருக்கிறாய். முதலாவதற்குப் பதில் சொல்லியாச்சு. வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்னால் இரண்டாவதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷமாய் உன்னிடம் நான் சொன்னது, ‘ஆசைப்பட்டாய், சீட்டு எடுத்து வாங்கிக்கொடுத்தேன்’ என்பதுதான். அதில் சீட்டு எடுத்தது மட்டும் உண்மை.

உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனபோது உனக்கு ஆறு வயது. கொஞ்ச வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் கடிதம் இல்லாமல் பணம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அங்கே அவருக்கு ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். ‘நல்லதுதான், அந்தக் குறட்டையை அவளும் கொஞ்ச நாள் கேட்கட்டும்’ என்று நான் சொன்னதை மில்லில் என்னோடு நூல் சுற்றுகிற பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்க வைத்தால் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். நீயும் கேட்டதில்லை. உனக்குப் பத்தொன்பது ஆனபோது உன் கூட்டாளிகள் ஒவ்வொருத்தனாய்ப் போய்ப் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தார்கள். நீ ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்.

“நானும் சைகோன் போறேம்மா.”

“போயி?”

“அப்பாவப் பாத்தாலும் பாப்பேன்.”

“பாத்தா, கொறட்டை நின்னுதான்னு கேட்டுட்டு வா.”

நீ சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. சிரிக்காத ஆளை எப்படிப் பிடித்து வைப்பது என்று எனக்குத் தெரியாது. போகாமல் இருக்க என்ன வேண்டும் கேள் என்றேன். மூன்று நாள் கழித்து நீ, “மொத்தோ” என்றாய். கப்பலே கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெண் கொடுக்கிறதற்கு முன்னால் நாலு இடத்தில் விசாரிப்பார்களே, அப்படி நான் வண்டிக்கு விசாரிக்கப் போனேன். அப்போது ஊரில் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரலில் எண்ணிவிடலாம். முதலியார்பேட்டை அரிசி மண்டிக்காரர், மில்லுக்குப் போகிற வழிதான், அவரை நிறுத்திக் கேட்டேன், எப்படி வாங்கினீர்கள் என்று. “மச்சான் காரு வாங்கிட்டான். எம்பொண்டாட்டி காலைல ஒருவாட்டி சொல்லுவா, சாயங்காலம் ஒருவாட்டி சொல்லுவா. அவ வாய அடைக்க வாங்கினேன்.” அடைத்துவிட்டதா என்றேன். “எங்க அடைச்சா. இப்ப அவ பேசறது என் காதுல உழறதில்ல, அதான் லாபம்” என்றார். அவர் வேட்டி ஓரம் சங்கிலியில் மாட்டிக் கிழிந்து தொங்கியது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் வந்தேன். ஊர் பார்த்துச் சிரிக்கட்டுமே என்றுதான்.

இரண்டாவது ஆள் வீராம்பட்டினத்து மீன் வியாபாரி. அண்ணன் தம்பிகளோடு ஒரே படகில் தொழில் செய்தவர், சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். “படகத் தள்ள நாலு பேரு வோணும், அவங்க மூஞ்சியப் பாக்கணும். இதுக்கு என் ஒத்தக் காலு போதும்” என்று சொல்லி, என் எதிரிலேயே ஒரு உதை உதைத்துக் கிளப்பிக் காட்டினார். கிளம்பியது. ஆனால் எங்கேயும் போகவில்லை. அப்படியே நின்று அதன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டார். கடற்கரையில் அவர் தம்பிகள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மூன்றாவதுதான் நம் அந்துவான் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்த சொல்தா, பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. இங்கிலாந்தில் செய்த கறுப்பு வண்டி, எருமைக் கிடா மாதிரி நிற்கும். அந்த வருஷம் இந்தியப் பக்கத்திலிருந்து பெட்ரோல் ஒழுங்காய் வரவில்லை, அவரால் கிக்கரை மிதிக்கவும் முடியவில்லை, அதனால் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவரிடமும் அதே கேள்வி கேட்டேன். “சைக்கிள்ல வந்தா யாருக்கும் தெரியறதில்லம்மா. இதுல வந்தா தெருவுல ரெண்டு பேராவது எட்டிப் பாக்கறாங்க, சொல்தா வந்துட்டாருன்னு” என்றார். நான் அதற்கும் ஒரு கேலி சொல்லிவைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இதுவரைக்கும் உனக்குச் சொன்ன கதைதான், மூன்று பேரையும் நடித்தே காட்டியிருக்கிறேன். சொல்லாதது இனிமேல்தான். அப்போது நம் ஊரைச் சுற்றி இருந்த சாவடி உனக்கு மறந்திருக்காது. கோட்டக்குப்பத்துப் பக்கம் ஒன்று, கோரிமேட்டில் ஒன்று, முள்கம்பியும் இந்தியப் போலீசுமாக இருக்கும். கப்பலில் வந்து இங்கே இறங்கின வெளிநாட்டுச் சாமான் நமக்கு வரியில்லாமல் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு சாவடியைத் தாண்டினால் பிடுங்கிக்கொள்வார்கள். கைக்கடிகாரத்தை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள் நாம். மோட்டார் சைக்கிளை எங்கே ஏற்றிக் கட்டுவது? அந்துவான் அண்ணன் நியாயமான மனுஷன், அதை மறைக்காமல் சொன்னார்.

“வாங்கறதுக்கு முன்னால தெரிஞ்சிக்கம்மா. இந்த வண்டியோட பேப்பரு புதுச்சேரிக்குள்ள மட்டுந்தான். சாவடியத் தாண்டக் கூடாது.”

“அதுக்காகத்தாண்ணே வாங்கறேன்.”

அவர் என்னையே பார்த்தார். “ஏம்மா, மெட்ராஸ் வரைக்கும் மூச்சு வாங்காம ஓடற வண்டி இது.”

“எம்மவன் சாவடி வரைக்கும் ஓட்டினா போதும்.”

“சாவடி என்னிக்கும் இருக்கும்னு நெனைக்கிறியா?”

“வெள்ளைக்காரன் இருக்கற வரைக்கும் இருக்கும். அவன் எங்க போவப் போறான்?” என்றேன்.

என் கணக்கு அவ்வளவுதான், ராசு. வடக்கே சாவடி, மேற்கே சாவடி, தெற்கேயும் சாவடி, கிழக்கே கடல். என்ன வேகத்தில் போனாலும் பொழுது சாய்கிறதற்குள் நீ என் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். சைகோனுக்குப் பதிலாக உனக்கு ஒரு வண்டி, அந்த வண்டிக்கு ஒரு வேலி. ஆசைக்கு வாங்கிக்கொடுத்த அம்மா என்று நீ தெருவெல்லாம் பெருமை பேசினாய். நான் கட்டுத்தறி வாங்கினேன், அதற்கு ரெண்டு சக்கரம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷமே ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. ஊரே பட்டாசு வெடித்தது, மில்லில் மிட்டாய் கொடுத்தார்கள். என் கையில் கொடுத்த மிட்டாய் கடைசி வரைக்கும் கையிலேயே இருந்து பிசுபிசுத்தது. நீ ஓடி வந்தாய். “அம்மா, கோரிமேட்டுல சாவடிய எடுத்துட்டாங்களாம், வரியா பாக்கலாம்?” தலைவலி என்றேன். நீ தனியாகப் போனாய். சாயங்காலம் புருவம் வரைக்கும் செம்மண்ணோடு வந்து நின்றாய்.

“எங்கடா போன?”

“திண்டிவனம்.”

“அங்க இன்னா இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. ரோடு இருக்கு. அதுக்கு அப்பால இன்னும் ரோடு இருக்கு.”

குளிக்கத் தண்ணீர் எடுத்துவைத்தேன். வேறென்ன செய்ய முடியும்? பிரெஞ்சுக்காரனே மூட்டை கட்டிவிட்டான், நான் யாரிடம் போய் எங்கள் சாவடியைத் திரும்ப வையுங்கள் என்று கேட்பது?

அதற்கப்புறம் வந்த வருஷங்களைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் உன் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மில் வாசல் வரைக்கும் போவேன். “இன்னாக்கா, மாப்பிள்ள ஊர்வலமா?” என்று பெண்கள் கேட்பார்கள். “ஆமாண்டி, பொண்ணு கெடைக்கல, அதுவரைக்கும் அம்மாவ ஏத்திக்கினு பழகறான்” என்பேன். ஞாயிற்றுக்கிழமை கோரிமேட்டுப் பக்கம் காற்று வாங்கக் கூட்டிப்போவாய். சாவடி இருந்த இடத்தில் அப்போது வெறும் ரோடுதான். ஆனாலும் அந்த இடம் வந்ததும் என் கை தானாக உன் தோளில் ரெண்டு தட்டு தட்டும். நீ வண்டியைத் திருப்புவாய். வயிறு குலுங்குகிறது என்பேன், வெயில் என்பேன், சேலை பறக்கிறது என்பேன். ஒரு தடவைகூட நீ ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமல் திருப்பியது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உனக்கு எப்படி இருந்தது என்று நான் யோசித்ததில்லை.

ஒரு ஞாயிறு நீ திருப்பவில்லை. தட்டினேன். பலமாகத் தட்டினேன். காற்றில் என்னமோ கத்தினாய், காதில் விழவில்லை. நானும் கத்தினேன், உனக்கும் விழுந்திருக்காது. ரெண்டு பக்கமும் புளியமரம் ஓடுகிறது, சவுக்கு ஓடுகிறது, என் கண்ணில் தண்ணீர். அது காற்றுக்கு வந்த தண்ணீர்தான். திண்டிவனத்தில் ஒரு காபி ஓட்டலில் கொண்டுபோய் உட்காரவைத்து, உனக்கு ஒரு தோசை, எனக்கு ஒரு தோசை சொன்னாய். அது வருகிறதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாய்.

“அம்மா, என்னிய வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. பிரான்சுல, பட்டாள வண்டிங்கள ரிப்பேர் பாக்கற எடத்துல.”

“உன்னப் போயி எதுக்குடா எடுத்தாங்க?”

“மொத்தோவப் பிரிச்சி மாட்டத் தெரியுமான்னு கேட்டாங்க. நம்ம வண்டிய அஞ்சு வருசமா நாந்தான பாத்துக்கறேன். தெரியும்னேன்.”

உன்னை நிறுத்த வாங்கின வண்டிதான் உனக்கு வேலையையும் வாங்கிக்கொடுத்தது. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, நிஜமாகவே. நீ நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தோசையையும் சேர்த்துத் தின்றாய். “கோவமாம்மா?” என்று வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். “ரெண்டு தோசைய முழுங்கினதுக்குத்தான் கோவம்” என்றேன். அன்றைக்கு நான் ஒழுங்காய்ப் பேசியிருக்க வேண்டும். போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லை நன்றாகப் போய்விட்டு வா என்று வாய் நிறையச் சொல்லியிருக்க வேண்டும். ரெண்டும் சொல்லவில்லை. நீயும் எதையும் கேட்காமலே கப்பலேறிவிட்டாய்.

நீ கிளம்பின நாளைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். கப்பலைப் பிடிக்க நீ ரயிலில் போக வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்கு வண்டியில்தான் வந்தோம், உன் பெட்டி எனக்கும் உனக்கும் நடுவில். ரயில் நகர்கிறபோது, “யாரையாவது கூப்ட்டு வண்டிய வீட்டுக்கு ஓட்டிட்டு வரச் சொல்லும்மா” என்று கத்தினாய். சரி சரி என்று கையை ஆட்டினேன். ரயில் போனதும் வெளியே வந்து பார்க்கிறேன், வண்டி நிற்கிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே ரெண்டு மூன்று பேர் இருந்தார்கள், கேட்டால் வந்திருப்பார்கள். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. நீ எழுந்துபோன சீட்டில் அன்றைக்கே இன்னொருத்தன் உட்காருவதை என்னால் பார்க்க முடியாது போலிருந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தேன்.

அது என்ன கனம் கனக்கிறது தெரியுமா. ஓடுகிறபோது பஞ்சு மாதிரி இருந்தது, தள்ளுகிறபோதுதான் தெரிந்தது. ஸ்டேஷனிலிருந்து முத்தியால்பேட்டை வரைக்கும் ஊரை முழுக்கக் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்தேன். ரெண்டு இடத்தில் சாய்ந்துவிடப் பார்த்தது, இடுப்பைக் கொடுத்து நிறுத்தினேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பூக்காரி கேட்டாள், “இன்னாக்கா, பெட்ரோல் தீந்துபோச்சா?” ஆமாம் என்றேன். தெருமுனையில் அந்துவான் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நம் வாசல் வரைக்கும் கூடவே தள்ளினார். அந்த மனுஷனுக்கு நான் அன்றைக்கு ஒரு கேலிகூடச் சொல்லவில்லை. இங்கே வந்து நின்றதும், “மவன் போயிட்டானா?” என்றார். “போயிட்டான்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உள்ளே வந்து உனக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டேன், கைப்பழக்கம். ரெண்டு வேளைக்கு ஆச்சு.

இப்போது விற்றதைச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்தில் கரும்பு போடுகிற பையன், உன் வயசு இருக்கும், கேள்விப்பட்டு வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். துருவைத் தடவினான், சீட்டைத் தட்டினான். என் பழைய கேள்வியை அவனிடமும் கேட்டேன்.

“எதுக்குப்பா வாங்கற?”

“எதுக்குன்னா? புடிச்சிருக்கு.”

“அவ்ளோதானா?”

“வேற இன்னா வோணும் பெரியம்மா?”

இத்தனை பேரை விசாரித்ததில் அவன் ஒருத்தன்தான் சரியான பதில் சொன்னதாக எனக்குப் பட்டது. சாவியைக் கொடுத்துவிட்டேன். நீயும் அப்படியே வாங்கு, ராசு. ஒருத்தி வாயை அடைக்க வாங்காதே, அண்ணன் தம்பி மேல் கோபத்துக்கு வாங்காதே, நாலு பேர் எட்டிப் பார்க்க வாங்காதே. முக்கியமாய், யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வாங்காதே. பிடித்திருந்தால் வாங்கு. பின்சீட்டில் யாராவது உட்கார்ந்து அவர்களும் உன் தோளைத் தட்டினால், ஏன் என்று கேட்டுவிட்டுத் திருப்பு.

அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். போன வாரம் மில்லில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன், நீ நம்ப மாட்டாய். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள், பேரன் பேத்தி எல்லாம் அங்கே, நான் இங்கே சுவரையா பார்த்துக்கொண்டிருப்பது என்றாள். நியாயம்தான். நானும் இங்கே சுவரைத்தான் பார்க்கிறேன், உன்னிடம் எதற்குப் பொய். சாயங்காலம் மில்லு சங்கு ஊதினதும் மற்ற பெண்கள் ஓடுவார்கள், நான் மெதுவாக வருவேன், சீக்கிரம் வந்து ஆகப்போகிறது என்ன என்று. வேடிக்கையாக ஏதாவது நடந்தால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வீடு வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். கதவைத் திறந்ததும் அது அப்படியே வாயில் நின்றுவிடும். அங்கே வந்தால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், நீ சிரிப்பாய். இதை நினைத்துத்தான் வரிசையில் நின்றேன்.

ஆனால் நீ வேலை முடிந்து வண்டியை எடுக்கிற நேரத்தை நினைத்துப் பார்த்தேன். பாஷை தெரியாத ஊரில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உனக்காக உட்கார்ந்திருப்பாள். உன் கூட்டாளிகள் எங்கேயாவது கூப்பிட்டால், இல்லை, வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள் என்பாய். நான் ஒன்றும் சொல்லவே வேண்டாம், நீயே திரும்பி வந்துவிடுவாய். கோரிமேட்டில் அஞ்சு வருஷம் திருப்பினவன்தானே. அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். இதைப் படித்துவிட்டு நீ கோபமாய் எழுதுவாய், எழுது. கோபமாய் எழுதினாலும் ரெண்டு பக்கம் எழுது, போன கடிதம் ரொம்பச் சின்னது.

நீ லீவில் ஊருக்கு வருகிறதாக இருந்தால் வா. வருகிற தேதியை மட்டும் எழுதிவிடாதே. எழுதினால் அதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே நான் தெருவில் வந்து நிற்பேன். மில்லில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள், அப்புறம் நீதான் எனக்குச் சோறு போட வேண்டும்.

உன் அம்மா